சாவி யார் கையில்?

சென்ற மாதம் நம் மன்றக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். முதலாண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவருடைய மாமா கரோல்பாக்கில் இட்லி மாவு அரைத்து விற்கிறாராம். கடைக்கு ஒரு வலைத்தளம் வேண்டுமாம். குடும்பத்தில் கணினி அறிந்த பிள்ளை இவர் ஒருவரே; ஆகவே பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது. "அண்ணா, எந்த ஹோஸ்டிங் நல்லது? மலிவாக ஒன்று சொல்லுங்கள். இன்று இரவே வாங்கிவிடுகிறேன்" என்றார்.

"இன்று இரவு வாங்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தில் வியப்பு. முதுநிலை இயற்பியல் படிப்பவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று எண்ணியிருப்பார். தெரியாமல் இல்லை. ஒருமுறை இரவோடு இரவாக வாங்கிப் பட்டவன் நான். பட்ட அடி என்மேல் விழுந்திருந்தால் மறந்திருப்பேன். அது என் தந்தையின் தொழில்மேல் விழுந்தது. அந்தக் கதையையும், அதிலிருந்து நான் கொண்ட கருத்தையும் அவர் ஒருவர்க்குச் சொல்வதைவிட மன்றத்து நண்பர் அனைவர்க்கும் சொல்வது நலம் என்று எண்ணி எழுதுகிறேன். ஏனெனில், தமிழ்நாட்டை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் பிற நகரங்களிலும் சிறுதொழில் செய்து பிழைக்கும் குடும்பங்களில், கல்லூரி வாயிலை முதலில் மிதித்த பிள்ளை யாரோ அவர் தலையில் இந்தப் பொறுப்பு இன்றோ நாளையோ விழத்தான் போகிறது.

எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்குப் போனவர்கள். பாட்டனார் காலத்திலேயே தாராவியில் குடியேறிவிட்டோம். தாராவித் தமிழர் சுடும் முறுக்கையும் அதிரசத்தையும் மும்பை நன்கு அறியும். என் தந்தையார் நடத்துவதும் அத்தகைய ஒரு சிறு பலகாரப் பட்டறைதான். இரண்டு அடுப்பு, மூன்று ஆள், அம்மாவின் கைப்பக்குவம்: இவையே முதல்.

பட்ட வகுப்பில் இரண்டாம் ஆண்டு படித்தபோது பட்டறைக்கு ஒரு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தேன். 'மாதம் 79 ரூபாய்' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. உடனே வாங்கினேன். கணக்குத் தொடங்கும்போது மின்னஞ்சல் முகவரி கேட்டது. கல்லூரி எனக்குக் கொடுத்திருந்த முகவரியைத் தட்டினேன். உரிமையாளர் பெயர் கேட்டது; என் பெயரைத் தட்டினேன். இரண்டு கட்டங்களை நிரப்ப இரண்டு நிமிடமும் ஆகவில்லை. பிழை முழுவதும் அந்த இரண்டு நிமிடத்தில் நடந்துவிட்டது.

தளம் நன்றாகவே நடந்தது. தந்தையார் அதன் முகவரியைப் பொட்டலச் சீட்டில் அச்சிட்டார். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அலுவலகத்தார் தீபாவளிக்கு மொத்த ஆர்டர் கொடுக்கத் தொடங்கினர். நான் பட்டம் பெற்றேன். ஓராண்டு பட்டறையில் துணையாய் இருந்துவிட்டுத் தில்லிக்கு மேற்படிப்புக்கு வந்தேன். இதற்கிடையே, படிப்பை முடித்தவர்களின் மின்னஞ்சலைக் கல்லூரி முறைப்படி மூடிவிட்டது. அதில் கல்லூரியைக் குறை கூற இடமில்லை, முன்னரே அறிவித்திருந்தார்கள். மறந்தவன் நான். 'உங்கள் டொமைன் காலாவதியாகிறது, புதுப்பியுங்கள்' என்று வந்த அறிவிப்புகள் எல்லாம் மூடிய கதவில் முட்டித் திரும்பின.

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பதினாறு நாள் இருக்கையில் தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். "ஏலே, நம்ம கடைப் பேரைத் தட்டினா ஏதோ விளம்பரம்லா வருது? ஆர்டர் குடுக்கறவங்க கேக்காங்க" என்றார்.

பெயரைப் பதிவு செய்த நிறுவனத்தாரிடம் முறையிட்டேன். பதிவிலுள்ள மின்னஞ்சலிலிருந்து எழுதச் சொன்னார்கள். அந்த முகவரியே இப்போது இல்லை என்றேன். அடையாளச் சான்று அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். சரிபார்த்தார்கள், மீண்டும் ஒன்று கேட்டார்கள். அவர்கள் செய்தது நியாயமே. கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுத்தால் யார் கடைப் பெயரையும் யாரும் கொண்டுபோய்விடலாம் அல்லவா? பெயர் திரும்பி வந்தது தீபாவளிக்கு மறுநாள். மொத்த ஆர்டரில் பாதிகூட அந்த ஆண்டு வரவில்லை. முன்கூட்டியே கடனுக்கு வாங்கிய வெல்லத்தில் இரண்டு மூட்டை பட்டறை மூலையிலேயே கிடந்தது.

தந்தையார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அமைதியாக ஒன்று கேட்டார்: "பட்டறை என் பேர்ல இருக்கு. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. கடன்கூட என் பேர்லதான் இருக்கு. கடைப் பேரு மட்டும் எப்படிலே உன் பேர்ல போச்சு?"

என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியே என்னை இதை எழுத வைத்தது.

ஹோஸ்டிங் என்ற சொல்லுக்கு நல்ல தமிழ் காணும் பணியை இலக்கியம் பயிலும் நண்பர்கட்கு விட்டுவிடுகிறேன். தந்தையார் வழங்குவதுபோல் ஹோஸ்டிங் என்றே நானும் எழுதுகிறேன். பொருள் விளங்கினால் போதும். பொருளோ மிக எளியது.

வலை பிறந்ததே ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்தான். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் அதற்குத் திட்டம் வகுத்தார். 1990-ஆம் ஆண்டு முடிவதற்குள், தம் மேசைமேல் இருந்த கணினியையே உலகின் முதல் வலைச் சர்வராக ஆக்கினார். யாராவது வேலை முடிந்து போகும்போது அதை அணைத்துவிட்டால்? ஆகவே, இது சர்வர், இதை அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையால் ஒரு சீட்டு எழுதி அதன்மேல் ஒட்டினார். ஹோஸ்டிங் என்பதன் பொருள் முழுவதும் அந்தச் சீட்டில் அடங்கிவிட்டது. இரவும் பகலும் அணையாத ஒரு கணினி. அதில் நம் பக்கங்கள். கேட்பவர்க்கெல்லாம் அவற்றை எடுத்து நீட்டும் வேலை. அணையாத கணினியை நம் வீட்டில் வைத்துக் காப்பது கடினம். ஆகவே அத்தகைய கணினிகளை ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவரிடம் ஓர் ஓரத்தை வாடகைக்கு எடுக்கிறோம்.

டொமைன் என்பது வேறு. அது பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது கடை இருக்கும் இடம். பலரும் இரண்டையும் ஒன்றென எண்ணுகின்றனர், நானும் எண்ணினேன். சென்ற ஆண்டு எங்கட்கு நேர்ந்ததைப் பாருங்கள். இடத்திற்கு நான்கு ஆண்டு வாடகை முன்பணமாகக் கட்டியிருந்தது. பக்கங்கள் எல்லாம் அந்தக் கணினியில் பத்திரமாகத்தான் இருந்தன. பலகை போயிற்று; ஆகவே கடையும் கண்ணுக்கு மறைந்து போயிற்று.

தந்தையார் பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் இப்போதைய பட்டறைக்கு இடம் பிடித்தபோது அவர் கேட்ட கேள்விகள் எனக்கு நினைவிருக்கின்றன. பத்திரம் யார் பெயரில்? வாடகை எப்போது ஏறும்? தீப்பிடித்தால் என்ன வழி? காலி செய்தால் அடுப்பும் அண்டாவும் எனக்குத்தானே? நான்கே கேள்வி. ஹோஸ்டிங் வாங்கிய அன்று நான் இந்த நான்கில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. 'எது மலிவு?' என்ற ஐந்தாம் கேள்வியை மட்டும் கேட்டேன். படித்தவன் செய்த வேலை அது!

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம்: பத்திரம் யார் பெயரில்? டொமைன் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் பதிவு செய்துகொள்கிறோம். டாட் காம் போன்ற பெயர்கட்கு ஒரே தடவையில் பத்து ஆண்டுக்கு மேல் பதிவு இல்லை. உலக அளவில் இப்பெயர்களின் முறைமையைக் காப்பது 1998-இல் தோன்றிய ஐகான் என்னும் அமைப்பு. நம் நாட்டின் டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்சி. ஐகான் விதிப்படி, டாட் காம் போன்ற பெயர் காலாவதியாகும் முன் ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும்போது ஒன்றும், ஒரு வாரம் இருக்கும்போது ஒன்றும், காலாவதியான ஐந்து நாளுக்குள் ஒன்றுமாகக் குறைந்தது மூன்று அறிவிப்புகளை நிறுவனத்தார் பதிவுதாரருக்கு அனுப்பியாக வேண்டும். அதன் பின்னரும் பெயர் உடனே பறிபோய்விடாது. வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கச் சில வாரம் விடுவார்கள். அது கடந்தால், தண்டம் செலுத்தி மீட்க முப்பது நாள் உண்டு. அதுவும் கடந்தால் ஐந்து நாளில் பெயர் பொதுச்சந்தைக்கு வந்துவிடும். பிறகு அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, விதி நம்மைக் கைவிடவில்லை. எத்தனை முறை எச்சரித்தாலும் அந்த எச்சரிக்கை போய்ச் சேரும் முகவரி உயிரோடு இருந்தால்தானே பயன்? எனவே டொமைன் கடை உரிமையாளர் பெயரில் இருக்கட்டும். மின்னஞ்சல் அவருடையதாக, அவர் கைபேசியில் நாள்தோறும் திறக்கப்படுவதாக இருக்கட்டும். ஓ.டி.பி. வரும் எண்ணும் அவருடையதாக இருக்கட்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் அமைந்ததாக மட்டும் இருக்க வேண்டா. பெயர் போனால் அஞ்சலும் உடன்போகும். நம் பல்கலைக்கழகம் நமக்குக் கொடுத்திருக்கும் முகவரியை இதற்குக் கொடுப்பது பெரும்பிழை. இது நமக்கு இரண்டாண்டு விருந்தினர் விடுதி. விருந்தினர் விடுதி முகவரியில் யாராவது குடும்ப அட்டை வாங்குவார்களா?

இரண்டாம் கேள்வி: வாடகை எப்போது ஏறும்? 79 ரூபாய் என்று நான் மயங்கிய கணக்கைச் சொல்கிறேன். 48 மாதத்திற்கு ஒருசேரக் கட்டினால்தான் அந்த விலை. 48 மாதத்திற்கு 3,792 ரூபாய்; அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; ஆக 4,475 ரூபாய். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது 79. சிறிய எழுத்தில் இருந்தது புதுப்பிக்கும் விலை. அது மாதம் 299. அந்த விலையில் ஓராண்டுக்கு வரியோடு 4,234 ரூபாய் ஆகிறது. முதலில் நான்கு ஆண்டுக்குக் கொடுத்த தொகையை இனி ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும். இதில் மோசடி ஒன்றும் இல்லை, எழுதித்தான் இருந்தது. முதல் மாத வாடகையைக் கேட்டு வீடு பிடிப்பவன் ஏமாறுவான். ஐந்தாம் ஆண்டு வாடகையைக் கேட்பவன் ஏமாற மாட்டான். விலைகளை ஒப்பிடும்போது புதுப்பிக்கும் விலையை வரியோடு ஒப்பிடுங்கள். மலிவு என்று தோன்றியவற்றின் வரிசையே மாறிவிடும்.

மூன்றாம் கேள்வி: தீப்பிடித்தால்? இது வெறும் உவமை என்று எண்ணிவிடாதீர்கள். 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் நிலையத்தில் மெய்யாகவே தீப்பற்றியது. ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. எண்ணற்ற தளங்கள் மறைந்தன. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் சில நாளில் மீண்டார்கள். நகல் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். பேக்கப்புக்கென்று தனிக் கட்டணம் கட்டியும் இழந்தவர் உண்டு. அந்த நகலும் அதே கட்டடத்தில் இருந்தது! ஆகவே, 'பேக்கப் உண்டு' என்ற சொல்லோடு மனநிறைவு கொள்ள வேண்டா. அது எங்கே இருக்கிறது, நாமே அதை இறக்கி எடுக்க முடியுமா, திரும்ப ஏற்றுவதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். எந்த விடை வந்தாலும், மாதம் ஒருமுறை ஒரு நகலை இறக்கி வீட்டிலுள்ள பென்டிரைவில் போட்டு வையுங்கள். பலகாரக் கடைத் தளம் முழுவதும் அதில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

நான்காம் கேள்வி: காலி செய்தால் அடுப்பும் அண்டாவும் யாருக்கு? இங்கேதான் பலர் வழுக்குகின்றனர். இழுத்து வைத்தால் பக்கம் ஆகிவிடும் என்று சொல்லி, இடத்தோடு சாமானையும் சேர்த்து வாடகைக்கு விடுபவர் உளர். வசதி பெரிது, மறுக்கவில்லை. கணினி அறியாதவர் தாமே பக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் வெளியேறும் நாளில் எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, கட்டிய அமைப்பை அங்கேயே விட்டுவர நேரும். வெறும் ஹெச்.டி.எம்.எல். பக்கங்களையோ வேர்ட்பிரஸ் தளத்தையோ ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியும். டொமைனையும் அவ்வாறே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள உரிமை உண்டு; அதற்குரிய இரகசியக் குறியீட்டைப் பதிவுதாரர் கேட்டால் நிறுவனத்தார் கொடுத்தாக வேண்டும். நுழையும் வழியை எல்லாரும் காட்டுவர். வெளியேறும் வழியை நாம்தான் கேட்டு அறிய வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும்போது காசு ஏன் கொடுக்க வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கலாம். 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் இலட்சக்கணக்கானவர்கட்கு இலவச இடம் கொடுத்தது. 1999-இல் அதை யாகூ வாங்கியது, 2009-இல் மூடியது. குடியிருந்தவர்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. நம் வகுப்பில் பலர் பயன்படுத்தும் கிட்ஹப் பேஜஸ் ஆய்வுக் குறிப்புக்கும் தன் அறிமுகப் பக்கத்துக்கும் மிக நன்று. ஆனால் அதை வாணிகத் தளத்துக்கு இலவச ஹோஸ்டிங்காகக் கொள்ளக் கூடாது என்று அவர்களே விதியில் எழுதியிருக்கிறார்கள். விதியை மீறிக் கட்டிய கடையை நம்பி எந்தப் பெரியவர் சீட்டு அச்சிடுவார்?

இனி, எவற்றிற்கு மிகுதியாகக் கவலைப்பட வேண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறிவியல் மாணவர்க்கு விளம்பர எண்கள்மேல் ஒரு காதல் உண்டு, எனக்கும் இருந்தது. '99.9 விழுக்காடு நேரம் தளம் இயங்கும்' என்பார்கள். ஆண்டுக்கு 8,760 மணி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. வாக்குறுதி காப்பாற்றப்பட்டாலும் ஓர் ஆண்டில் ஒரு வேலைநாள் அளவு கடை மூடியிருக்கலாம் என்பதே அதன் பொருள். என் கவனக்குறைவால் எங்கள் தளம் பதினாறு நாளுக்கு மேல் மூடியிருந்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் செய்த வேலை இது!

'அளவில்லா இடம்' என்பார்கள். அளவில்லாதது என்று இயற்பியலில் எதுவும் எளிதில் கிடைப்பதில்லை, ஹோஸ்டிங்கிலும் இல்லை. கோப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, நியாயமான பயன்பாட்டு விதி என்று எங்கேனும் வேலி இருக்கும். ஆயினும் மாவுக் கடைக்கு அந்த வேலி வரை போக வேண்டிய தேவையே வராது.

சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்பது நல்ல கேள்விதான். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. மும்பையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். போய்வர நொடியில் எட்டில் ஒரு பங்கு ஆகும். ஒரு பக்கம் திறக்கப் பலமுறை போய்வர வேண்டும். ஆகவே மும்பையிலோ சென்னையிலோ சர்வர் இருந்தால் நலமே. ஆனால் கைபேசியில் எடுத்த நான்கு மெகாபைட் படங்கள் பன்னிரண்டை அப்படியே ஏற்றிவிட்டு, சர்வரைக் குறை கூறுவதில் பயன் என்ன? நொடிக்கு ஒரு மெகாபைட் வரும் இணைப்பில் அவை இறங்க 48 நொடி ஆகும். அதே படங்களை 150 கிலோபைட்டாகச் சுருக்கினால் இரண்டு நொடிக்குள் முடியும். முறுக்கின் அழகு அதனால் குறைவதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2018 ஜூலை முதல், பூட்டுச் சான்று இல்லாத தளங்களைக் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் அடையாளம் காட்டுகிறது. சுத்தத்தை நம்பி வாங்க வேண்டிய உணவுக் கடைக்கு அப்படி ஒரு முத்திரை ஆகாது. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் அந்தச் சான்றை இலவசமாகவே தருகிறது. அதைத் தாமே நிறுவித் தரும் ஹோஸ்டிங் பல உண்டு. இதற்கென்று தனிக்காசு கேட்பவரிடம், ஏன் என்று கேளுங்கள்.

இவ்வளவும் எதற்கு, வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதாவா என்று கேட்பவர் உண்டு. சில கடைகட்குப் போதும். தெருக்காரர் மட்டுமே வாங்கும் கடைக்கு வலைத்தளம் வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அங்கே நாம் நடத்துவது பிறர் திண்ணையில் கடை. திண்ணைக்காரர் விதியை மாற்றினால் எழுந்து போக வேண்டும். எந்தத் திண்ணைக்குப் போனாலும், வாடிக்கையாளர் நம்மைத் தேடி வர நிலையான ஒரு பெயர் இருப்பது நலம். அந்தப் பெயர்தான் டொமைன். அதன்கீழ் ஒரே பக்கம் இருந்தாலும் போதும்: என்ன விற்கிறோம், என்ன விலை, எங்கே இருக்கிறோம், எந்த எண்ணில் அழைப்பது. கரோல்பாக்கு மாமாவுக்கு என் கருத்து இவ்வளவே. ஒரு பக்கம், பலரோடு பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஹோஸ்டிங், அதுவும் முதலில் ஓராண்டுக்கு மட்டும். தனிச் சர்வர் என்ற பேச்சே வேண்டா. நாளைக்குக் கடை வளர்ந்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பெயரும் நகலும் கையில் இருப்பவர்க்கு இடம் மாறுவது ஒரு மாலைப்பொழுது வேலை.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் எந்த நிறுவனத்தையும் வாங்குங்கள் என்று நான் கூறவில்லை, கூறவும் மாட்டேன். இன்று நல்லது நாளை கெடலாம். இன்று மலிவு நாளை ஏறலாம். பெயர் கடைக்காரரிடம் இருந்தால் அதனால் பெரிய கேடு வராது. பெயர் பிறரிடம் இருந்தால் மிகச் சிறந்த ஹோஸ்டிங்கும் காப்பாற்றாது. தளம் கட்டித் தருகிறேன் என்று வரும் தரகர் தம் பெயரில் டொமைனைப் பதிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் கேட்ட தொகையை வாங்குவது உண்டு. அதைக் கேட்டால் நமக்குச் சினம் வருகிறது. பாசத்தின் பெயரால் நாமும் அதையேதானே செய்கிறோம்? அவர் காசுக்காகச் செய்தார். நான் சோம்பலால் செய்தேன். தந்தையாரின் வெல்ல மூட்டைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் கணினிக்கு அஞ்சுகிறார்கள். "நீயே பார்த்துக்கோ" என்று நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் நாளை எந்த ஊரில் எந்த வேலையில் இருப்போமோ! ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் நாம். சாவியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் மாறுவது முறையா? தெரிந்தவன் கடமை செய்து கொடுப்பதோடு முடிவதில்லை. அவர் அருகில் உட்கார்ந்து, அவரே செய்யும்படி சொல்லிக் கொடுப்பதில்தான் முடிகிறது.

இவ்வாண்டு கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது முதல் வேலையாக அதைச் செய்தேன். டொமைனைத் தந்தையார் பெயருக்கு மாற்றினேன். அவருக்கென ஒரு மின்னஞ்சல் தொடங்கினோம். பாஸ்வேர்டை அவரே தட்டினார், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார், கால்மணி ஆயிற்று. பட்டறைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது, இடம் எங்கே இருக்கிறது, எது எந்தத் தேதியில் முடிகிறது, நகல் எங்கே என்று நான்கு வரி எழுதினோம். பாஸ்வேர்டைத் தனித் தாளில் எழுதி, பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தாளில் எழுதலாமா என்று கணினித் துறை நண்பர்கள் முகம் சுளிக்கலாம். முப்பது ஆண்டாக அந்தப் பெட்டியிலிருந்து எதுவும் தொலைந்ததில்லை. தொலைத்தவன் நான் ஒருவனே.

முதலாண்டு நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடை சொல்ல ஒரு மாதம் ஆகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை விடுதியில் என் அறைக்கு வரட்டும். மாமாவையும் அழைத்து வரட்டும். அவருடைய கைபேசியும் கூட வரட்டும். மூவரும் அமர்ந்து வாங்குவோம். கட்டத்தில் பெயர் கேட்கும்போது மாமா தம் பெயரைத் தாமே தட்டட்டும்.